வாழ்த்துரைக்கு வந்த புகார்

போன சனிக்கிழமை மத்தியானம் மாமல்லபுரத்தில் நான் ஒரு பாராட்டு விழா நடத்தினேன். சினிமாக்காரர்களுக்கா? அரசியல்வாதிகளுக்கா? இல்லை சார். உங்களுக்கும் எனக்கும் பெயர்கூடத் தெரியாத ஐந்து பேருக்கு.

கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் கண் தெரியாதவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. இலவசம். அதன் உள்வேலையும் ரகசியம் இல்லை — யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். அதை உருவாக்குபவர்கள்தான் இந்த ஐவர். சம்பளம் கிடையாது. அவரவர் பிழைப்பைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகளின் ஹோம்வொர்க்கை முடித்து, மிச்சம் இருக்கிற நேரத்தில் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள்? எனக்கும் அது விளங்காமல்தான் இருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது காதர் பாய் மூலம். செங்கல்பட்டு மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் ஹசீனாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எம்.ஏ. படித்தவள். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஆறு மாதத் தற்காலிக வேலை. தொழிலாளர்கள் ஈமெயிலில் அனுப்பும் மனுக்களைப் படித்து, சுருக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். இந்த சாஃப்ட்வேர் வாசிக்கும். அவள் கேட்டு எழுதுவாள். போக வர கம்பெனி பஸ், யார் துணையும் இல்லாமல். இதைச் சொல்லும்போது காதர் பாயால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. எழுந்து நின்றுவிடுவார்.

அந்த ஐந்து பேரும் வருடத்துக்கு ஒருமுறை எங்காவது நேரில் கூடுவார்களாம். இந்த முறை மாமல்லபுரம் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. விட முடியுமா? ஹால் பிடித்தேன். ஃப்ளெக்ஸ் அடித்தேன். சால்வை, கேடயம், மைக் செட், வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை... நம் ஊரில் நன்றி சொல்ல வேறு வழி ஏது?

ஃப்ளெக்ஸில் போட ஃபோட்டோ கேட்டேன். ஒருவரும் தரவில்லை. உங்களில் முக்கியமானவர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் இன்னொருவரைக் கை காட்டினார்கள். கடைசியில் அழைப்பாளர் என்ற முறையில் என் முகம் மட்டும் பெரிதாக வந்தது. சத்தியமாக நான் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் காலி இடத்தைப் பார்த்துப் போட்டுவிட்டார்.

செங்கல்பட்டு மார்க்கெட்டையே காதர் பாய் ஹாலுக்குத் திரட்டி வந்திருந்தார். முதல் வாழ்த்துரை ஹசீனாவுடையது. பிரமாதமாகப் பேசுவாள் என்று காதர் பாய் உத்தரவாதம் கொடுத்திருந்தார். மைக்கைப் பிடித்தாள். வணக்கம் சொன்னாள்.

“உங்களாலதான் எனக்கு இந்த வேலை கெடைச்சுது. இப்ப உங்களாலதான் அது போவப்போவுது.”

நான் நிகழ்ச்சி நிரலை எடுத்து, இது வாழ்த்துரைதானா என்று பார்த்தேன்.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்பு அந்த சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. கம்பெனிக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை டைப்பிங் சென்டர்களில் அடித்தவை. அங்கே இன்னமும் பழைய தமிழ் ஃபான்ட்தான். நம் கண்ணுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கோ உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. பழைய பதிப்பு அதைப் புரிந்துகொண்டு, தமிழாக மாற்றி வாசித்தது. புதியது, ‘எம், டி, கே’ என்று எழுத்தெழுத்தாக ஒப்பிக்கிறது. பழையதையே திரும்பப் போட்டுத்தரக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு சம்மதிக்கவில்லை. பத்து நாளாகப் பக்கத்து சீட்டுப் பெண்தான் வாசித்துக் காட்டுகிறாள். வரும் திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் ஹசீனா தனியாக மனுக்களைப் படித்துக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அதோடு சரி.

யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, சார் விழா என்றார், வந்துவிட்டேன் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் சால்வைகளை மடியில் வைத்துக்கொண்டு காதர் பாயை முறைத்தேன். அவர் ஃப்ளெக்ஸைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அந்த ஐவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வரவேற்புரையில் தூங்கி வழிந்தவர்கள், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான வித்யா — கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருப்பவர் — எழுந்து மைக்குக்கு வந்தார்.

“பழைய ஃபான்ட்டை மாத்தி வாசிக்கிற பகுதியை எடுத்தது நான்தான் ஹசீனா. இந்தக் காலத்துல பழைய ஃபான்ட் யார் யூஸ் பண்றாங்கன்னு நெனச்சேன். தப்பு என்னோடது.”

மேடையில், மைக்கில், கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் ‘தப்பு என்னோடது’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

ஐவரில் இன்னொருவர் சேகர். படாளத்தில் விவசாயம் பார்ப்பவர். “டைப்பிங் சென்டராண்ட போய்ப் பாருங்க மேடம். எங்க பாத்தாலும் அந்த ஃபான்ட்தான் கீது. என் பட்டா மனுவே அதுலதான் அடிச்சேன்” என்றார். ஏன் சொல்லவில்லை என்று வித்யா கேட்க, நீங்கள் கேட்கவில்லையே என்று அவர் சொல்ல, அதற்குள் லேப்டாப்புகள் திறந்துவிட்டன. மேடையிலேயே! கேடயங்களை ஓரமாகத் தள்ளினார்கள். அவசரமாக நான் போர்த்திய சால்வையை ஒருவர் சுருட்டி லேப்டாப்புக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏற்புரையாவது, நன்றியுரையாவது...

சோதித்துப் பார்க்க ஒரு மனு வேண்டும். கம்பெனி மனுவை வெளியே காட்ட முடியாது என்று ஹசீனா கறாராகச் சொல்லிவிட்டாள். காதர் பாய் எழுந்தார். வியாபாரிகள் சங்கத்துக்குக் கொடுக்க டைப்பிங் சென்டரில் அடித்த மனு ஒன்று தன் போனில் இருக்கிறது என்றார்.

இரண்டு மணி நேரம். கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. சேகர் டைப்பிங் சென்டருக்குப் போன் போட்டு விவரம் கேட்டார். ஒருவர் எழுதினார், ஒருவர் அதில் பிழை கண்டுபிடித்தார், எழுதியவர் கோபித்துக்கொள்ளாமல் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எடுத்ததைத் திரும்ப ஒட்டினால் போதாதா என்று நான் கேட்டேன். டீ வந்துவிட்டதா பாருங்கள் சார் என்றார்கள்.

முதல் தடவை, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக உளறியது. இரண்டாம் தடவை நடுவில் நின்றது. மூன்றாம் தடவை ஹசீனா, மைக்கை லேப்டாப் பக்கம் பிடித்தாள்.

‘ஐயா, பக்கத்துக் கடைக்காரர் தமது பிளாஸ்டிக் நாற்காலிகளை எனது வாசல்வரை அடுக்கி, எனது அண்டா குண்டாக்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்கிறார்...’

முழு மனுவும், ஓர் எழுத்து பிசகாமல், ஸ்பீக்கரில்! கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது. அந்தப் பக்கத்துக் கடைக்காரரும் கூட்டத்தில் இருந்தார் என்பது வேறு விஷயம்.

ஹசீனா சிரித்துக்கொண்டே அழுதாள். இன்னும் வேகமாக ஓடவிடச் சொன்னாள். நமக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாத வேகம். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். எனக்கும் கண் கலங்கியது. மறைப்பானேன்?

நன்றி என்றால் சால்வை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் நேரில் வந்து ‘இது ஓடவில்லை’ என்று சொல்வதில் இவர்களுக்கு இத்தனை சந்தோஷம்! அதை ஒருவர் நம்பிப் பிழைக்கிறார் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அடுத்த தடவை ஏதாவது ஓசி சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினால், திட்டிவிட்டு மூடாதீர்கள். எழுதிப் போடுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையே திருத்திய பதிப்பு வெளியானது. இது புதுசு என்பதால் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவும் திங்கட்கிழமை காலையிலேயே மறுக்காமல் போட்டுத்தந்ததாம். திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஹசீனா போன் செய்தாள். மேனேஜர் பதினொரு மனு கொடுத்தாராம். பதினொன்றையும் தனியாகப் படித்துச் சுருக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். வேலை நிரந்தரம்!

கூடவே இன்னொரு செய்தி. வித்யா அவளைத் தங்கள் குழுவில் ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டாராம். இனி எந்தப் பதிப்பும் வெளியே போகும் முன்னால் ஹசீனா கேட்டுச் சரி சொல்ல வேண்டும்.

இதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் இதுவும் நிரந்தரம்தானாம்!