புதன்கிழமை மீன்

“இடிஞ்ச சுவத்தப் பாக்கவா இவள இத்தன வருசம் படிக்க வச்சீங்க?”

துபாயில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்த அன்று மாமா அப்பாவிடம் போனில் இப்படிக் கேட்டார். அப்பா ஷார்ஜாவில், முவைலா தொழிலாளர் கேம்பில் இருக்கும் கொத்தனார். “கட்டத்தான் மச்சான் எனக்குத் தெரியும். அதுல என்ன இருக்குன்னு பாக்க அவதான் படிச்சிருக்கா,” என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதே இல்லை.

மாமா சொன்ன சுவர் பர் துபாயின் ஒரு சந்தில் இருக்கிறது. அங்கே பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்றைத்தான் நாங்கள் புதுப்பிக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு முத்து வியாபாரி பவளக் கல்லால் கட்டியது. புதுப்பிக்கும் வேலை முடியும் தறுவாயில், வாசலில் வைக்க அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. முத்து வியாபாரம் படுத்ததும் வீடு துணிக் கிடங்கானது. அதற்குப் பிறகு, ஆர்க்கிடெக்ட் மேடத்தின் குறிப்பில் ஒரே வரிதான்: ‘பின்னர் பாழடைந்தது.’

மாடி அறையின் பிளைவுட் தடுப்பைக் கழற்றியபோது பின்சுவரில் பென்சில் எழுத்து தெரிந்தது. தமிழ். சனியில் தொடங்கிக் கிழமைகள், எதிரே ஊர்ப் பெயர்கள்: கமுதி, அறந்தாங்கி, திருவாடானை. ஓர் ஊரை அடித்து மேலே வேறு ஊர் எழுதியிருந்தது. வெள்ளிக்கு ‘எல்லாரும்’. புதனுக்கு மட்டும் ஊர் இல்லை, சின்னதாக ஒரு மீன் படம்.

எந்தக் கிழமை எந்த ஊர்க்காரர் சமைப்பது என்ற முறைப் பட்டியல் என்று புரிந்துவிட்டது. ‘புதன்: மீன் குழம்பு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். சென்னைக்காரர், சுருக்கமாகப் பேசுவார்.

“முத்து வியாபாரி வீட்டுல மீன் குழம்புக்கு ஒரு போர்டா? நாளைக்குக் காலைல அந்தச் சுவத்துக்குப் பூச்சு.”

“பாழடைஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க மேடம். பாழடைஞ்ச வீட்டுல யார் சமைச்சாங்க?”

அவர் அடுத்த அறையைப் பார்க்கப் போய்விட்டார். பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.

மதியம் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். எடுத்ததுமே சிரிப்பு.

“குழம்பா? அது ஆளும்மா! எழுதப் படிக்கத் தெரியாதவன் ஒருத்தன் ரூம்ல இருந்திருக்கான். ஊர் பேரு எழுதி வச்சா அவன் முறை எதுன்னு அவனுக்கு எப்புடித் தெரியும்? எங்க ரூம்லயும் எனக்கு ஒரு குடை போட்டு வச்சிருந்தானுங்க.”

“அடிச்சு எழுதின ஊரு?”

“அவன் காண்ட்ராக்ட் முடிச்சுட்டு ஊருக்குப் போயிருப்பான். கட்டிலுக்கு வேற ஆளு வந்திருப்பான்.”

பிறகு, “குடைக்காரன் மகதான் இப்ப சுவத்தப் படிக்கிறா. மாமாகிட்ட சொல்லு,” என்றார்.

என் நோட்டில் எழுதியதை அடித்தேன். படிக்கத் தெரிந்த நான் தப்பாகப் படித்ததை, எழுத்தே தெரியாத அப்பா சரியாகப் படித்திருந்தார். அந்தக் குடைக்கும், அதை வரைந்த முகம் தெரியாத அறைக்காரருக்கும் அன்று மனசார நன்றி சொன்னேன். எழுத்து தெரியாததற்காக அப்பாவை அந்த அறையில் இருந்தவர்கள் ஒதுக்கவில்லை. அவருக்கும் ஒரு கிழமையைக் கொடுத்து, அதைக் கண்டுபிடிக்க வழியும் செய்திருந்தார்கள்.

மறுநாள் காலை மேடம் வரும்போது சுவருக்கு முன்னால் நின்றிருந்தேன். கீழக்கரைக்காரரான போர்மேன், “ஜல்தி சொல்லுங்க மேடம், கலவை காயுது,” என்று அவசரப்படுத்தினார். மீன் யார் என்று சொன்னேன். என் அப்பாவின் குடையையும் சொன்னேன். மேடம் குனிந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு தூரம் விட்டுட்டுப் பூசுங்க,” என்று போர்மேனிடம் கையால் அளந்து காட்டினார். என்னிடம், “என் வரிய எடுத்துடு,” என்றார்.

எடுத்துவிட்டேன். வாசலில் வைத்த வரலாற்றில் அந்த வரியின் இடத்தில் இப்போது சுவரிலிருந்த ஏழு கிழமைகள் இருக்கின்றன. எங்கள் சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டிலும் மாடியில் பிளைவுட் தடுப்புகள் உண்டு. போன வாரம் கையெழுத்துப் போட்டு அதன் சாவியை வாங்கினேன். முதல் பலகையை இன்று காலை நானே கழற்றினேன்.