பம்ப் ஓடுது... தண்ணி வரல!

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு வேன் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே ஒரு கட்டில், சின்ன சிங்க், மூலையில் கைப்பிடி வைத்த டாய்லெட், அதிலேயே ஒரு ஷவர். சக்கரம் வைத்த வீடு.

எல்லாம் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் மட்டும் வரவில்லை.

வேன் யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு வசந்தாக்காவின் கணவர் தணிகாசலம் அண்ணனுக்காக. மேடவாக்கம், செம்பாக்கம் பக்கம் இருபது வருடம் சொந்தமாகத் தண்ணீர் லாரி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது — ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

‘இல்ல.’

காபி வேணுமா? இல்ல. ஆனால் வாங்கிக் குடிப்பார். வலிக்குதா? இல்ல. ஆனால் முகம் சுளிப்பார். மனசில் நினைக்கிற வார்த்தை வாய்க்கு வருவதில்லை, வருகிற வார்த்தை அது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னாராம். நாளடைவில் அந்த ‘இல்ல’வை யாரும் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. நானும்தான்.

அவர் மகள் கும்பகோணத்தில் இருக்கிறாள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. குறைமாதத்தில் பிறந்ததால் இப்போதைக்குப் பயணம் கூடாது. அப்படியானால் தாத்தாதானே போக வேண்டும்? அவரோ எந்த வண்டியிலும் ஏற மறுக்கிறார்.

காரணம் உண்டு. ஒருமுறை ஸ்கேன் எடுக்க குரோம்பேட்டைக்கு வாடகைக் காரில் போனார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல். அண்ணனால் அடக்க முடியவில்லை. சீட் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறார். அன்றோடு வெளியே போவது நின்றது.

அதனால்தான் வேன். அனகாபுத்தூரில் இருக்கும் வசந்தாக்காவின் தம்பி செல்வம் தன் பழைய வேனைப் பட்டறையில் விட்டு இப்படி மாற்றி எடுத்துவந்தான். மகள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினால் போதும், குழந்தை கீழே இறங்கி வரும். வழியில் அண்ணன் யார் வீட்டு பாத்ரூமையும் தேட வேண்டாம். தண்ணீர் வந்தால்!

ஸ்விட்சைப் போட்டால் கட்டிலுக்கு அடியில் பம்ப் ஓடியது. குழாய் இரண்டு முறை துப்பியது, நூல் மாதிரி கொஞ்சம் ஒழுகியது, அப்புறம் வெறும் காற்று.

“நேத்து டெஸ்ட் பண்ணி எடுத்தாந்தப்போ நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு சார். இன்னா ஆச்சுன்னே தெரியல” என்றான் செல்வம்.

நான் ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றேன். என் தகுதி? அரை மணி நேரம் மொபைலில் பார்த்த வீடியோக்கள்.

“டேங்க் காலியா இருக்குமோ?”

“இல்ல” என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன். டார்ச் அடித்துப் பார்த்தோம். நிறைய இருந்தது.

“அப்ப குழாய் நுனில மண் அடைச்சிருக்கும்.”

“இல்ல.”

நுனியைக் கழற்றி, சல்லடையைத் தட்டிக் கழுவி மாட்டினோம். அதே நூல்தான்.

“ஃபில்டரா இருக்குமோ?” இல்ல. திறந்தால் பளிச்சென்று இருந்தது. “பேட்டரி வீக்கா?” இல்ல. என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தோம். மாற்றம் எதுவும் தெரியவில்லை.

“மாமா எதுக்கும் இல்லன்னுதான் சொல்லும். நீ பாரு சார்” என்றான் செல்வம். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பத்து மணி. வெயில் ஏறிவிட்டது. வசந்தாக்கா வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“விட்டுடு செல்வம். தண்ணி இல்லாம இவர இட்டுகினு போவ மாட்டேன். இன்னொரு தபா அந்த மாதிரி ஆச்சுன்னா, என்னால பாக்க முடியாது.”

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து போய், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்ட்ரா போட்டு அண்ணன் முன்னால் வைத்தார்.

அண்ணன் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இடது கையால் ஸ்ட்ராவைத் தூக்கி, அதன் நுனி தண்ணீரை உரசும்படி பிடித்து உறிஞ்சினார். ஸ்ர்ர்ர்... பாதித் தண்ணீர், பாதிக் காற்று. ஸ்ட்ராவை உள்ளே இறக்கி உறிஞ்சினார். சத்தமே இல்லை. மறுபடி தூக்கினார். ஸ்ர்ர்ர்... பிறகு பம்பை மூடியிருந்த கட்டில் பலகையை ஓங்கித் தட்டினார்.

“இன்னாங்க, சட்டையெல்லாம் சிந்துது” என்று அக்கா டம்ளரை வாங்கப் போனார். நான் தடுத்தேன். பம்ப் போடும் சத்தமும் அதேதான்!

“அண்ணா... டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல எங்கயோ காத்து உள்ள போகுதா?”

அண்ணன் ‘இல்ல’ என்று சொல்லவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மெதுவாக மூடித் திறந்தார்.

பலகையைத் திறந்தோம். பம்புக்குள் நுழையும் இடத்தில் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்திருந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் வந்த வண்டி, ஆடி ஆடித் தளர்ந்திருக்கும். டேங்க் கீழே, பம்ப் மேலே. அதனால் வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை இரண்டு சுற்று சுற்றினேன். குழாய் நான்கு தடவை இருமியது. பிறகு கொட்டியது.

வசந்தாக்கா குழாய்க்கு அடியில் கையை நீட்டியபடி நின்றார். திரும்பாமலே கேட்டார்:

“இவ்ளோ நேரம் இதத்தான் சொல்லிகினு இருந்தீங்களா?”

டேங்க்? இல்ல. மண்? இல்ல. ஃபில்டர்? இல்ல. பேட்டரி? இல்ல. நான்குமே சரியான பதில்கள். இருபது வருடம் பம்ப் சத்தத்தைக் கேட்ட காது அது. இந்த எட்டு மாதத்தில் அவர் சொன்ன ‘இல்ல’க்களில் எத்தனை அர்த்தத்தோடு வந்தவை, எத்தனை வாய் தவறி வந்தவை? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நாங்கள்தான் எண்ணுவதையே நிறுத்திவிட்டோமே...

பத்தரை மணிக்கு வேன் புறப்பட்டது.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தார். “பொண்ணு வீட்டுத் தெரு முனையிலயே வண்டிய நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டினாரு சார். வேனுக்குள்ளயே உக்காந்து, ஒத்தக் கையால தானே குளிச்சாரு. நான் உள்ள போவப் பாத்தேன். வராதன்னு கைய காட்டிட்டாரு. அப்புறந்தான் கொயந்தைய மடில வாங்கினாரு.”

உதவி செய்கிறேன் என்று ஓடுகிறவர்கள் — என்னையும் சேர்த்துத்தான் — முதலில் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம்.