கறுத்த மணியும் கஸ்டமர் கேரும்

1. கடை திறக்கும் முன்

ஆடிப்பெருக்கு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பாபநாசத்தில் என் கவரிங் கடையின் ஷட்டரை முழுசாக ஏற்றுவதற்குள் அபிராமி வந்து நின்றாள். கூடவே அவள் மாமியார் சரோஜா. அந்தப் பெண்ணுக்கு வைகாசியில்தான் கல்யாணம். பெருக்கன்று காவிரிக் கரையில் தாலியைப் பிரித்துப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்ட, பவளமும் தங்க நிற மணிகளும் என்னிடம்தான் வாங்கினார்கள். தாலி தங்கம், மணிகள் கவரிங். அறுவடை முடிந்ததும் மணியையும் தங்கத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான்.

சரோஜா மருமகளின் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினார். மணிகள் கரியாகக் கறுத்திருந்தன.

"உங்க கடையக் குறை சொல்ல வரலைங்க. ஊரே உங்ககிட்டதான் வாங்குது. இவ உடம்பு வாகு அப்படி. இவ வந்ததுலேர்ந்து எங்க வீட்ல ஒண்ணும் சரியில்ல. மோட்டார் எரிஞ்சுது, பையன் வண்டியிலேர்ந்து விழுந்தான். இப்ப இது. வேற மணி கோத்துக் குடுங்க."

கயிறு மாமியார் கையில் இருந்ததால் அபிராமியால் நிமிரக்கூட முடியவில்லை. குனிந்தபடியே நின்றாள். தாலியோடு சேர்ந்த மணி கறுத்தால் அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படி வாழ முடியும் என்று எனக்குத் தெரியும்.

"அவ உடம்புல ஒண்ணும் இல்லைங்க. மணியிலதான் கோளாறு" என்றேன்.

"உங்க நல்ல மனசுக்கு அப்படிச் சொல்றீங்க" என்று சிரித்தார் சரோஜா.

2. அந்த சைட்டைப் பிடித்த விதம்

நான் வழக்கமாகச் சரக்கு எடுத்த ஹோல்சேல் கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஆன்லைனில் தேடினேன். மணி, கோத்து இணைக்கும் ஜம்ப் ரிங், பிளையர், கம்பி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. போட்டோ பளிச்சென்று இருந்தது. ஸ்டார்கள் கொட்டிக் கிடந்தன. அப்படியும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சாம்பிள் வரவழைத்து, மஞ்சள் பூசி, என் கழுத்திலேயே போட்டுக் குளித்துப் பார்த்தேன். நிறம் அப்படியே நின்றது. அடுத்து வந்த லாட்டுகளும் நன்றாகவே இருந்தன.

பெருக்குக்கு முன் வந்த லாட் மட்டும் வேறு. அதே பெயர், அதே கோட் நம்பர், அதே போட்டோ. மேல்பூச்சான கோட்டிங்கை மட்டும் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் குறைத்துவிட்டான். ரிவ்யூக்களை மறுபடி படித்தேன். ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? ஒரு சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் போட்டுவிட்டு டப்பாவில் எடுத்து வைப்பவர்கள் அவர்கள். எங்கள் பெண்கள் தினம் அதோடுதான் குளிப்பார்கள், அதன் மேலேயே மஞ்சள் தேய்ப்பார்கள். அந்த ஸ்டார் போட்டவர்களில் யாரும் மஞ்சள் தேய்த்துக் குளித்திருக்க மாட்டார்கள்.

பாக்கெட்டில் மீதியிருந்த மணிகளைக் கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்தேன். யார் கழுத்தும் படாத மணிகள். அவையும் கறுத்தன.

3. "மேம், புரியுது மேம்"

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். நன்றாகத் தமிழ் பேசும் பெண் ஒருத்தி எடுத்தாள்.

"காசு வேணாம்மா. இந்த லாட்ல கோட்டிங் சரியில்லன்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பும்மா. ஒரு பொண்ணு வாழ்க்கை இதுல மாட்டியிருக்கு."

"புரியுது மேம். டீம்கிட்ட சொல்றேன் மேம்."

டீம் எழுதி அனுப்பியது. அணிபவரின் சருமத்தைப் பொறுத்து நிறம் மாறக்கூடும், அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. அழகான இங்கிலீஷில், நன்றியோடு முடித்திருந்தார்கள். சரோஜா என் கடை வாசலில் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வீசாமல் வைத்தது பெரிய காரியம். டம்ளரைப் போட்டோ எடுத்து ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. இன்றும் பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

4. டம்ளரோடு போனேன்

வேறு இடத்தில் வாங்கிய நல்ல மணிகளையும் அந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு சரோஜா வீட்டுக்கே போனேன். யார் கழுத்தும் படாத மணி என்று சொல்லி டம்ளரை நீட்டினேன், சரோஜா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவோரம் நின்ற அபிராமியின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அவள் புருஷன்தான் கேட்டான்.

"கம்பெனில என்னக்கா சொன்னாங்க?"

"அவனுங்க என்ன சொல்வானுங்க, தப்பிக்கத்தான் பார்ப்பானுங்க" என்றேன்.

"குடுங்கக்கா, பார்ப்போம்" என்று என் போனை வாங்கிப் படித்தான். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"ஸ்கின்னுனாலதான்னு போட்டுருக்கான்மா."

"நான் சொன்னப்ப கேட்டியா? இப்ப கம்பெனிக்காரனே சொல்லிட்டான்" என்றார் சரோஜா. அதற்குப் பிறகு டம்ளரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அபிராமி உள்ளே போய்விட்டாள். என்னைக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை.

5. கடையில் எடுக்கும் முன்

புதிதாக நகை செய்ய ஆரம்பிக்கும் பெண்கள் எந்த சைட்டில் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஸ்டாரை எண்ணாதீர்கள். சின்னதாக ஒரு சாமான் வாங்குங்கள். அதில் ஒரு குறை சொல்லிப் பாருங்கள். "போட்டோ அனுப்புங்க, பார்க்கிறோம்" என்றால் தொடர்ந்து வாங்கலாம். போட்டுக்கொண்டவர் மேல் பழியைத் திருப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான் கோத்துக் கொடுத்த புது மணிகள் அபிராமி கழுத்தில் இன்றுவரை கறுக்கவில்லை. கறுக்காததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போன மாதம் அபிராமி தன் தங்கை கல்யாணத்துக்கு வளையல் பார்க்க வந்தாள். தட்டை அவள் பக்கம் தள்ளி, "எடுத்துப் பாரும்மா" என்றேன். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நீங்களே எடுத்துக் காட்டுங்கக்கா. அவ கல்யாணத்துக்குப் போடப் போறது. நான் தொட வேணாம்."