பட்டன் படுத்த கூடை

என் அக்காவின் கணவர் தையல்காரர். கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பேன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லிக்கொள்வார். நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த விரல்களைக் குறை சொல்ல முடியாது. தரையில் விழுந்த குண்டூசியைக் குனிந்துகூடப் பார்க்காமல் தடவி எடுத்துவிடுவார்.

அதே விரல்களால்தான் பட்டனுக்கு உண்ணியும் எடுப்பார். பட்டன் அவருடைய நாய். தையல் மெஷினுக்குக் கீழே, துண்டுத் துணி போடும் கூடைதான் பத்து வருடமாக அதன் படுக்கை. மத்தியானம் டீ குடித்ததும் காதை மடக்கி, கால்விரல் இடுக்கை விரித்து, உண்ணியைப் பிடுங்கிப் போடுவார். மருந்து தடவலாமே என்று அக்கா சொன்னால், பத்து விரல் இருக்கும்போது மருந்து எதற்கு என்பார்.

போன மாதம் பட்டன் சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷினில் தைத்துக்கொண்டிருந்த கோட்டாலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். யாருடைய கோட்டு என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது ஒரு பாக்டீரியா உடம்புக்குள்ள போயிடும். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதான் மூக்குல வருது."

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தினமும் நானே எடுக்கறேன் டாக்டர். ஒண்ணு விடறதில்ல."

"எடுத்து எங்க போடறீங்க?"

"கீழ போட்டுடுவேன்."

"கீழன்னா?"

மாமா பட்டனைத் திரும்பிப் பார்த்தார். மெஷினுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பிடுங்கிய உண்ணியை எல்லாம் உயிரோடு பட்டனின் படுக்கையிலேயே போட்டுவந்திருக்கிறார்.

"பொழைச்சுக்குமா?" என்றார் மாமா.

"மூணு நாள் தாண்டட்டும். இருபத்தெட்டு நாள் மாத்திரை. நடுவுல துள்ளிக் குதிக்கும், அதை நம்பி நிறுத்திடாதீங்க."

ஒரு துண்டுத் துணியைக்கூடத் தூக்கி எறியாத மனிதர், அன்று அத்தனையையும் கூடையோடு கொளுத்தினார். சுவர் இடுக்கெல்லாம் மருந்து அடித்தார். மூன்று நாள் மெஷின் ஓடவில்லை. பட்டன் அவர் மடியிலேயே கிடந்தது. அவரைக் கிண்டல் செய்யாமல் எனக்குப் பொழுது போகாது. அந்த மூன்று நாளும் கிண்டல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

நான்காம் நாள் பட்டன் எழுந்து அக்காவின் தட்டிலிருந்தே சாப்பிட்டது. அக்கா திட்டவில்லை. மாத்திரை நாள்களுக்காக மாமா சுவரில் சாக்குக்கட்டியால் போட்ட இருபத்தெட்டுக் கோடுகளையும் நாளுக்கு ஒன்றாக அழித்து முடித்தார்.

இப்போது மெஷினுக்குக் கீழே வெள்ளை விரிப்பு, உண்ணி ஊர்ந்தால் தெரிய வேண்டுமாம். மாதா மாதம் மருந்தும் தடவுகிறார். நாய் வளர்க்கிறவர் யாராவது அளவு கொடுக்க வந்தால், டேப்பை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவார்.

"உண்ணியை எடுத்து எங்க போடறீங்க?"

"கீழதான் போடுவேன். ஏன் கேக்கறீங்க?"

"நானும் அங்கதான் போட்டேன்" என்பார். சொல்லிவிட்டு, பட்டனின் முதுகு இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொள்வார்.