துணைக்குப் போனவள் கையில் பணம்

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ கிளம்பினால் பஸ் நேரத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் சந்தனம்மாள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்ப்பார்கள். துணைக்குப் போவதே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை, இருக்கிற கரிசல் துண்டு மழை பெய்த வருஷம் மட்டும் நிலம். மதுரையில் அவள் படுத்தெழுந்த ஆஸ்பத்திரி வராந்தாக்களை ஒட்டி வைத்தால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ரோடு போட்டுவிடலாம். வேலைக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன்கள் எக்ஸ்ரே எடுக்கிற இடத்தை அவளிடம்தான் விசாரிப்பார்கள். இதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம், மீதியே ஒரு ஆளுக்கு அதிகம்.

துணைக்குப் போவதில் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. பணம் வீட்டுக்காரர் கையில் இருக்காது, துணைக்குப் போகிறவர் மடியில்தான் இருக்கும். காரணம், சுப்பம்மாள் கதை. மகனுக்குக் காய்ச்சல் என்று பதறிப் போனவள், ஆஸ்பத்திரி வாசலில் "நான் டாக்டரோட ஆளு" என்று சொன்ன எவனிடமோ பணத்தைப் பையோடு கொடுத்துவிட்டு நின்றாள். அழுகிற கண்ணுக்கு ஆள் தெரியாது. ஆகவே அழாதவரிடம் பணம் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. அழாதவருக்கும் கால் வலிக்கும் என்பதைப் பற்றி ஊர் எதுவும் முடிவு செய்யவில்லை.

அதே ஊர்க் காளீஸ்வரியின் புருஷன் மாரிசெல்வம் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முதலாளி பாதிப் பணம் கட்டிவிட்டுப் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். மீதியைக் கட்டி அவனைக் கூட்டி வரக் காளீஸ்வரி போக வேண்டும். கூடப் போக யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று ஊரே யோசித்தபோது, சந்தனம்மாளிடம் இருந்தது. பக்கத்து வீட்டு ரத்தினத்துக்குத் துணையாக மதுரை பாஸ்போர்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்தவள், அலைவதுதான் அலைகிறோம் என்று தனக்கும் ஒன்று எழுதிப்போட்டு வாங்கியிருந்தாள். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. ஊருக்கு மறக்கவில்லை.

ஊரில் வசூலான பணம் முறைப்படி அவளுடைய நூறுநாள் வேலைக் கணக்கில் போடப்பட்டது. "கட்டுப் பணத்தச் சுமந்துக்கிட்டுப் போகாதீக. கார்டு இருக்குல்ல, உலகம் பூராம் மிஷினு இருக்கு" என்றார் பருத்திக் கமிஷன் கடை தங்கபாண்டி. அவர் சொன்னதில் தப்பில்லை. உலகம் பூராவும் மிஷின் இருந்தது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே ஒன்று இருந்தது. அது கார்டை வாங்கிக் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத் துப்பியது. பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொன்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மூவருக்கும் விமானம். அன்று சாயங்காலம் கவுன்ட்டர் மூடுவதற்குள் பணம் கட்டாவிட்டால் மாரிசெல்வத்தை வெளியே விடமாட்டார்கள். டிக்கெட் போய்விடும், இன்னொன்று எடுக்க வழியில்லை.

"வெளிநாட்டுல எடுக்குறதுக்குக் கார்டத் திறந்து விட்டியளா பெரியம்மா?" என்று படுக்கையிலிருந்தபடி மாரிசெல்வம் கேட்டான்.

"கார்ட எங்கடா திறக்க? அது என்ன மூடி போட்ட சம்படமா?"

நம் ஊர் பேங்க் கொடுக்கிற கார்டு நம் ஊரில் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். வெளியே கிளம்பும் முன் பேங்கில் சொல்லித் திறந்துவிட வேண்டும். இந்த விவரத்தை அவன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். இங்கிருந்தும் போனில் திறக்கலாம், ஆனால் கணக்கில் பதிந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும் என்றான். சந்தனம்மாள் கணக்குத் தொடங்கிய நாளில் அவளிடம் போன் இல்லை. அண்ணன் சோலையின் நம்பரைக் கொடுத்திருந்தாள். சோலை அந்த நேரத்தில் ஆடுகளோடு நரிக்குடிக் கண்மாய்க்குள் எங்கேயோ இருந்தான்.

காளீஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பணம், ஒங்க கார்டு, மாமா போனு. ஒரு பூட்டுக்கு மூணு வீட்டுல சாவி! என் கணக்குல போட்டிருந்தா இந்த வம்பு உண்டா? இவுக சொல்லி என் கார்ட அன்னைக்கே திறந்து வச்சேன். அதுல பத்து ரூவா இல்ல."

அந்தப் பெண் சொன்னது நியாயம். நியாயத்துக்குப் பதில் சொல்லத் தெம்பு வேண்டும், அது சந்தனம்மாளுக்கு முந்தின நாள் விமானத்திலேயே தீர்ந்துவிட்டது.

சோலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. காற்று வாங்கலாம் என்று இருவரும் கீழே வந்தபோது வாசலில் ஒருவன் தானாக வந்து பேசினான். இன்பராஜ் என்று பெயர், சாயல்குடிப் பக்கமாம். "அக்கா, நம்ம ஊரு ஆளுகளா? காசு வரலையா? இதுக்கா கலங்குறீக! ஊர்ல ஒங்க ஆளு என் மச்சான் கையில ரூவாயக் குடுக்கட்டும், நான் இங்க ரிங்கிட்டாத் தாரேன். பேங்கு பிடிக்கிறத விடக் கம்மிதான்."

காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரியம்மா, தங்கபாண்டி அண்ணாச்சிகிட்டக் கேட்டா ஒடனே கடனாக் குடுப்பாக. ஊருக்குப் போயி ஒங்க கணக்குல எடுத்துத் திருப்பிருவோம்."

"குடுத்த பெறகு இந்தத் தம்பி இங்க நிக்கலைன்னா?"

"என்ன அக்கா இப்படிச் சொல்லிட்டீக. நான் தினமும் இங்கதான் நிப்பேன்."

"தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஒருத்தனச் சுப்பம்மாளுக்கும் தெரியும் தம்பி" என்றாள் சந்தனம்மாள். அவன் நல்லவனா கெட்டவனா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. "வாடி மேல" என்று காளீஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் படியேறும்வரை அழுதுகொண்டே அவளைத் திட்டினாள். திட்டுவதற்குத்தானே துணை.

நாலாவது தடவை சோலை போனை எடுத்தான். "ஏ சந்தனம், எங்கருந்து பேசுற? மதுரையா?"

"மலேசியா அண்ணே. சொல்லிட்டுத்தான வந்தேன். இப்ப ஒம் போனுக்கு ஆறு நம்பரு வரும். அதப் பாத்துச் சொல்லு."

"அது முடியாது" என்றான் சோலை. "நரிக்குடியில போலீசு வேன்ல மைக்கக் கட்டிச் சொல்லிட்டுப் போனாக. அந்த நம்பரப் பொண்டாட்டி கேட்டாலும் சொல்லக் கூடாதாம்."

"நான் ஒன் பொண்டாட்டி இல்லண்ணே, தங்கச்சி."

"நீ சந்தனந்தான்னு நான் எப்படி நம்புறது? குரல மாத்திப் பேசுறாகளாம்."

சந்தனம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆத்தா ஒளிச்சு வச்ச கருப்பட்டியத் தின்னுட்டு, எலி தின்னுருச்சுன்னு சொல்லி, அந்த எலிக்குச் சந்தனம்னு பேரு வச்சு, என்னிய அடி வாங்க வச்சவன்தான நீ?"

"சரி, நீதான்" என்றான் சோலை.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவனுடையது பட்டன் போன். பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்கத் தெரியாது. கட் செய்து பார்த்து, ஆறு எண்ணையும் மனசில் ஏற்றி, இவர்கள் மறுபடி அழைக்கும்போது நாலுதான் மிஞ்சியிருந்தது. அடுத்த தடவை முழுசாகச் சொன்னான், ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்து நம்பர் செல்லாமல் போனது. "இன்னொரு தடவ தப்பாச்சுன்னா இன்னைக்குப் பூராம் பூட்டிருவாங்க" என்றான் மாரிசெல்வம். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. காளீஸ்வரி திட்டுவதை நிறுத்திவிட்டாள், அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, எதுலயாச்சும் எழுதிக்க."

"கண்மாய்க்குள்ள காகிதத்துக்கு எங்க போக?"

"கம்பு இருக்குல்ல? தரையில எழுது. பெருசா எழுது."

சோலை கரையோரப் புழுதியில் ஆட்டுக்கம்பால் எழுதினான். போனை எடுத்து வாசித்தான். ஐந்து எண் வந்தது. ஆறாவதன் மேல் அவனுடைய கிடா வந்து நின்றுகொண்டது. தள்ளினாலும் நகராத கிடா, அது எம்.எல்.ஏ.வுக்கே வழி விடாத கிடா. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டு முழுக்க, "ச்சேய்! ஏ, அங்குட்டுப் போ!" என்று ஸ்பீக்கர் போனில் கண்மாய்ச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில் சீனத்துத் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு!" என்று கத்தினான் சோலை. "ஏழுதான்! கெடா கொளம்பு படல!"

மாரிசெல்வம் ஆறு எண்ணையும் அமுக்கினான். கார்டு திறந்துகொண்டது.

"தேவையானத ஒரே தடவையா எடுங்க. எடுக்க எடுக்க ஒவ்வொரு தடவைக்கும் பிடிப்பான்" என்று அவன் மனைவியிடம் சொன்னான். "கடைசியில ரூவாயிலயா, ரிங்கிட்லயான்னு கேக்கும். பழகின காசுன்னு ரூவாய அமுக்கிராத. அது மிஷின்காரன் போட்ட வெல, கூட இருக்கும். ரிங்கிட்ட அமுக்கு, நம்ம பேங்கு போடுற வெல வரும்."

சந்தனம்மாள் கார்டையும் ரகசிய நம்பரையும் காளீஸ்வரியிடம் கொடுத்தாள். "நீயே போயி எடு, தாயி. யாரும் பக்கத்துல வந்தா மிஷின மறைச்சு நில்லு. எனக்குப் படி எறங்க முடியல."

"நீங்க வரலையா?"

"எனக்கு அழுகை வருது" என்றாள் சந்தனம்மாள். உண்மையில் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கவுன்ட்டரில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது காளீஸ்வரி கையை உள்ளே நீட்டிப் பணத்தைக் கட்டினாள். ரசீதோடு அவள் மேலே வந்தாள். ஆஸ்பத்திரி ஆள் மாரிசெல்வத்தைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தான். வராந்தாவில் இருந்த பெஞ்சில் சந்தனம்மாள் பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி தோளைத் தொடப் போனாள்.

"எழுப்பாத" என்றான் மாரிசெல்வம்.

"ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்துரும்ங்க."

"வரட்டும். அவுக தூங்கட்டும்."

காளீஸ்வரி பெஞ்சின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். சந்தனம்மாளின் செருப்புகள் இரண்டும் இரண்டு பக்கம் கிடந்தன. அவள் குனிந்து அவற்றை எடுத்து ஜோடி சேர்த்து வைத்தாள்.