தவமணி அனுப்பிய திருத்தம்

திங்கட்கிழமை காலை, குன்னூர் அலுவலகத்தில் கணினியைத் திறந்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் தவமணியின் தம்பி பந்தலூரிலிருந்து அழைத்தான். "மேடம், அக்கா போயிட்டாங்க." எங்கே என்று கேட்டேன். அவன் அழுத பிறகுதான் புரிந்தது. விடுப்பில் ஊருக்குப் போனவளை மூன்றே நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அவளோடு வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதை பாதி தெரியும். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல் எங்களுடையது. கேள்வியில் ஓர் எண் வந்தால் அது முழு எண்ணா, தசமமா, தோராய எண்ணா என்று இனம் பார்த்துத் திருப்பித் தரவேண்டும். ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய பகுதி எல்லாவற்றையும் தோராய எண்ணாகவே தந்தது. யாரும் குறை சொன்னதில்லை.

சோதனைக்காகத் தவமணி தன் அம்மா வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டின் கொழுந்து எடைப் பட்டியலைக் கொண்டுவந்தாள். 24.3 கிலோ பறித்தவர் யார் என்று கேட்டோம். யாருமில்லை என்றது நிரல். என் பகுதி அந்த எண்ணை மயிரிழை குறைத்துக் கொடுத்திருந்தது. பட்டியலில் அந்த எடைக்கு நேரே இருந்தது அவள் அம்மாவின் பெயர்.

"ஏனுங்கக்கா, எங்கம்மா மழைல நனைஞ்சு பறிச்சிருக்காங்க, உங்க நிரல் ஆளே இல்லைங்குதே!" என்று சிரித்தாள். அலுவலகமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

"எப்படி எழுதிக் குடுத்தாங்களோ, அப்படியே திருப்பிக் குடுக்கோணுமுங்க" என்பாள். அதன்படி என் பகுதியைத் திருத்தி, பார்த்து ஒப்புதல் தரச்சொல்லி எனக்கு அனுப்பினாள். மூன்று வாரம் நான் அதைத் திறக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "நாளைக்குப் பார்க்கறேன் கண்ணு" என்றேன். வேலை அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அது வீம்பு. இதை எங்காவது சொல்லியாக வேண்டும்.

பந்தலூரில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காகிட்ட வேலை ஒண்ணு அனுப்பிருக்கேன், பதிலைக் காணோம்னு காய்ச்சலோட போனையே பாத்துக்கிட்டு கெடந்தா தாயி. சரியாத்தான் செஞ்சிருந்தாளா?"

"சரியா இருந்ததுங்கம்மா" என்றேன், பார்க்காமலே.

மறுநாள் அவள் திருத்தத்தைத் திறந்தேன். ஒரு பிழையும் இல்லை. 24.3 அப்படியே வந்தது. ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டு மணியைப் பார்த்தேன். எல்லாம் பார்த்து முடிக்கப் பத்தே நிமிடம்தான் ஆகியிருந்தது. நண்பர்களே, தவமணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.