சந்தா கேட்கப் போகாத பொருளாளர்

சங்கச் சந்தா வசூலிக்கிறவளுக்கு வட்டிக்காரருக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கிடையாது. கதவைத் திறக்கிறவருக்கும் பயம், தட்டுகிறவளுக்கும் பயம். சீட்டுப் பணம், கோயில் நன்கொடை என்று எதையாவது கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. சங்கத்தில் பொருளாளர். விரும்பி ஆனதில்லை. தேர்தல் நடந்த அன்று எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மற்றபடி தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவள் நான்.

போன வருஷம் கூடுதல் நேர வேலைக்குக் கூலி கேட்டு, சாப்பாட்டு வேளையில் வாசலில் உட்கார்ந்த ஒன்பது பேரைக் கம்பெனி சஸ்பெண்ட் செய்தது. சில மாதம் கழித்துப் புதுச் சம்பள ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. உள்ளே இருக்கிற எங்களுக்கெல்லாம் சம்பள உயர்வு. வெளியே நிற்கிற ஒன்பது பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சங்கம் அதற்குச் சம்மதித்தால் அவர்கள் வேலை போனது போனதுதான். சம்மதிப்பதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். ஆகவே அந்த ஒன்பது பேருக்கு ஓட்டு உண்டா என்பதில்தான் எல்லாமே இருந்தது.

வெட்டாத சந்தா

எங்கள் சந்தாவை யாரும் கையால் கொடுத்து வாங்கியதில்லை. கம்பெனியே சம்பளத்தில் பிடித்து மொத்தமாகச் சங்கத்துக்குக் கட்டிவிடும். தனியாகக் கட்டுகிறவர் யாராவது வந்தால்தான் நான் ரசீது புத்தகத்தைத் தூசு தட்டுவேன். சஸ்பெண்ட் ஆனவர்களுக்குப் பாதிச் சம்பளம் வரும். அந்தப் பாதியில் கம்பெனி சந்தா பிடிப்பதில்லை. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. ஒன்பது பேருக்கும் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி விழுந்துவிட்டது, அவர்களுக்கே தெரியாமல். அவ்வளவு பாக்கி இருந்தால் ஓட்டுக்கே ஆபத்து.

அந்த ஒன்பது பேரில் மல்லிகா ஒருத்தி. என் பக்கத்து மிஷினில் வேலை பார்த்தவள். மார்க்கெட்டில் அவளைப் பார்த்தபோது, கத்திரிக்காயைப் பொறுக்குகிற சாக்கில் முகம் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சொத்தைக் காயாகவே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகப் பேசுகிற ரகமில்லை. கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டாள்: "பாதி சம்பளத்துல அதுவும் போயிகினு கீதுன்னு நெனச்சேன்கா. வேலையவே வெட்டனவங்க சந்தாவ மட்டும் வெட்டாம உட்டுடுவாங்களா?"

பெஞ்சமின் அண்ணன் ஏன் தெருவில் நின்றார்

சஸ்பெண்ட் ஆனவர் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது. செய்தால் அந்தப் பாதிச் சம்பளமும் நின்றுவிடும். வேறு ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி இருக்கிறது. சும்மா வீட்டில் இருந்தாலே வேலை செய்கிறான் என்று சொல்லிவிடலாம்.

சாயப் பிரிவில் இருந்த பெஞ்சமின் அண்ணனும் அந்த ஒன்பது பேரில் ஒருவர். அவர் மனைவி வீட்டில் பட்டு நெய்கிறவர். கம்பெனி ஆள் ஒருவன் தெருமுனையில் பைக்கை அணைத்துவிட்டுத் தறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அதனால் மனைவி தறியில் உட்கார்ந்த உடனே இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு நடுத்தெருவுக்கு வந்துவிடுவார். வெயில் ஏறினால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, "இன்னா அண்ணா, யாருக்காவது காத்துகினு கீறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவ நெய்யற நேரமெல்லாம் நான் நாலு பேரு கண்ணுல பட்டுகினே இருக்கணும் கலா. ஒரு டம்ளர் தண்ணி குடிக்க உள்ள போனாகூட, 'இப்ப யாருடா நெய்யறது'ன்னு கேப்பானுங்க."

ஒரு ரசீது

விஷயம் தெரிந்ததும் முதலில் சந்தா கொடுத்தவரும் பெஞ்சமின் அண்ணன்தான். ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்தார். ரசீது எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார், அடிக்கட்டை சங்க அலுவலக அலமாரிக்குப் போனது. அடுத்த வாரம் கம்பெனியில் அவருக்கு விசாரணை. அங்கே அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, பாதிச் சம்பளத்தில் குடும்பமும் நடத்திச் சந்தாவும் கட்டுகிறாயே, எங்கே வேலை செய்கிறாய் என்பதுதான்.

எங்கள் அலமாரிக்குள் இருந்த துண்டுச் சீட்டு அவர்கள் வாய்க்கு எப்படிப் போனது? நான் யாரையும் சொல்லவில்லை. சொல்லவும் பயம். அதோடு ஒன்பது பேரும் ரசீது புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள். சந்தா கட்டினால் சோறு போய்விடும், கட்டாவிட்டால் ஓட்டுப் போய்விடும். நீயே கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரசீதில் அவரவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த நாள் சூப்பர்வைசர் என் மிஷின் பக்கம் வந்தார். வழக்கமாக முறைக்கிற மனிதர் அன்றைக்கு அன்பாகச் சிரித்தார். நான் பயப்பட அதுவே போதும். அறுந்த இழையை முடிந்துகொண்டே தலையைக் குனிந்துகொண்டேன். "வூட்டு லோன் இன்னும் எத்தன வருசம் பாக்கி கீது கலா? சும்மாதான் கேட்டேன்."

கொடுக்காத நோட்டீஸ்

எங்கள் செயலாளர் தேவராஜ் அண்ணன் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு மகள்களும் பிரஷர் மாத்திரையும் உள்ள மனிதர். ஒப்பந்தம் நிறைவேறினால் போதும் என்று இருந்தார். சங்க விதிப்படி மூன்று மாதச் சந்தா பாக்கி வைத்து, பொருளாளர் நேரில் நோட்டீஸ் கொடுத்தும் கட்டாதவருக்கு ஓட்டு இல்லை. ஒன்பது நோட்டீஸை என் கையில் கொடுத்துவிட்டார்.

பெஞ்சமின் அண்ணன் தெருவுக்குப் போனேன். முனையில் பைக் நின்றது. அப்படியே திரும்பிவிட்டேன். மல்லிகா வீட்டுக்குப் போனேன். உள்ளே தறிக்கு நூல்தார் சுற்றுகிற ராட்டைச் சத்தம் கேட்டது. யாருக்கோ கூலிக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டதும் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், வெளியே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கூட வேலை பார்த்தவள் என் காலடிக்குப் பயந்து ஒளிகிறாளே என்று அழுகை வந்துவிட்டது. கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை. பயந்து போகவில்லையா, வேண்டுமென்றே போகவில்லையா என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

தேவராஜ் அண்ணன் தினமும் என் முகத்தைப் பார்ப்பார், நான் மிஷினைப் பார்ப்பேன். கூட்டத்துக்கு முந்தின நாள் டீக்கடையில் பிடித்துவிட்டார். "குடுத்தியா இல்லியான்னு இப்ப நான் கேக்கல. கூட்டத்துலதான் கேப்பேன். அதுக்குள்ள ஜல்தியா குடுத்துடு தாயே, எனக்கும் பேஜாரா கீது."

கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். ஒன்பது பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் சூப்பர்வைசரின் மச்சான் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனும் உறுப்பினர்தான், போகச் சொல்ல முடியாது.

சந்தா பாக்கி உள்ளவர்கள் வெளியே போகலாம் என்றார் தேவராஜ் அண்ணன். யாரும் எழுந்திருக்கவில்லை. "எங்களுக்கு நோட்டீஸே வரலியே" என்றார் பெஞ்சமின் அண்ணன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. செல்போனும் திரும்பியது. கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலையும் என் வீடும் பத்திரமாக இருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "குடுக்கலீங்க" என்று வந்துவிட்டது. ஏன் என்று தேவராஜ் அண்ணன் கேட்டார். "பயமா இருந்துச்சுங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. அங்கே பயப்படாதவர் யார்?

ஒன்பது பேரும் ஓட்டுப் போட்டார்கள். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தம் தோற்றது. அந்த ஒன்பது பேரையும் சேர்த்துப் பேசினால்தான் கையெழுத்து என்று முடிவானது. ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன தேவராஜ் அண்ணன் என் பக்கத்தில் நின்றார். "நீ பயந்தாங்கொள்ளின்னு தெரியும் கலா. ஊரையே பேஜார் பண்ற அளவுக்குப் பயப்படுவன்னு தெரியாது."

பத்தாவது ஆள்

அந்த வாரமே எனக்கும் சஸ்பெண்ட் ஆர்டர் வந்துவிட்டது. வேலை நேரத்தில் பேசிக்கொண்டிருந்தேனாம். உள்ளே ஒரு நாளும் வாயைத் திறக்காதவள் நான். என் வீட்டுக்காரர் ஆர்டரைப் படித்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவருக்கு இழை அறுந்துகொண்டே இருந்தது. கம்பெனி இப்போது பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறது. என்ன முடிவாகும் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

சஸ்பெண்ட் ஆனவர்களுக்குச் சந்தா இனி மாதம் ஒரு ரூபாய் என்று சங்கம் தீர்மானம் போட்டது. எந்த வேலை செய்து கட்டினாய் என்று ஒரு ரூபாய்க்கு யாரும் கேட்க முடியாதல்லவா? அதை வசூலிக்கிற பொறுப்பு மல்லிகாவுக்கு. முதல் தேதி காலையில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கம்பெனி ஆளோ என்று நான் அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டேன். அவள் நேராக உள்ளேயே வந்துவிட்டாள். "இன்னாக்கா ஒளிஞ்சிகினு கீற? நோட்டீஸ் குடுக்க எனக்குப் பயமெல்லாம் இல்ல, ஜல்தியா சந்தாவ எடு."

ஆகவே என்னைப் போலப் பயந்த ஜனங்களே, கம்பெனிக்குப் பயந்தது போதாதென்று, என் ஓட்டுப் போய்விடுமோ என்கிற பயத்தில் மாதம் பிறப்பதற்கு முன்பே ஒரு ரூபாய்க் காசைத் தேடி அஞ்சறைப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்கிறேன்.